‘டக்’ சத்தத்துக்குப் பதினெட்டாயிரமா?

எப்போதும்வென்றான் என்று ஓர் ஊர் இருக்கிறது என்றால் சென்னை நண்பர்கள் நம்புவதில்லை. ‘சினிமா டைட்டிலா?’ என்கிறார்கள். சத்தியமாக ஊர்தான். மதுரையிலிருந்து தூத்துக்குடி போகும் நாலுவழிச் சாலையில் எட்டயபுரத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் வரும். சுற்றிலும் கரிசல் காடு. மழை பெய்தால் செருப்பைப் பிடித்து இழுக்கும். வெயில் அடித்தால் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். இப்படி ஒரு பெயரை வைத்துக்கொண்டிருக்கும் ஊரில்தான் என் கார் தோற்றுப் போய் நின்றது.

மத்தியானம் இரண்டு மணி. டீ குடிக்க இறங்கினேன். திரும்பி வந்து சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம். அவ்வளவுதான். ஏ.சி. காற்று வருகிறது, பாட்டு பாடுகிறது, டேஷ்போர்டு லைட் எல்லாம் ஜோராக எரிகிறது. எஞ்சின் மட்டும் அசைய மாட்டேன் என்கிறது.

இந்த ‘டக்’ எனக்குப் புதுசு இல்லை. ஒரு மாதம் முன்னால் இதே சத்தத்துக்காக ஏ.சி. போட்ட, காபி கொடுக்கிற ஒரு சர்வீஸ் சென்டருக்குப் போனேன். டை கட்டிய தம்பி நான் சொன்னதைக் கேட்டு கம்ப்யூட்டரில் ‘ஸ்டார்ட்டிங் ப்ராப்ளம்’ என்று டைப் செய்தார். சாயங்காலம் போன் வந்தது. ‘பேட்டரி வீக் சார், மாத்திடலாம்.’ மாற்றினார்கள். 5,500 ரூபாய். இரண்டு வாரத்தில் மறுபடியும் ‘டக்’. மறுபடியும் போனேன். ‘அப்ப செல்ஃப் மோட்டார்தான் சார். அஸெம்ப்ளியாத்தான் வரும்’ என்று 12,500-க்கு ஒரு எஸ்டிமேட்டை நீட்டினார். சம்பளம் வரட்டும் என்று தள்ளிப் போட்டிருந்தேன். கூட்டிப் பாருங்கள். ஒரு ‘டக்’குக்கு மொத்தம் 18,000.

எப்போதும்வென்றானிலிருந்து ஹெல்ப்லைனுக்கு போன் போட்டேன். மூன்று மணி நேரத்தில் இழுத்துப் போகிற வண்டி வருமாம். டீக்கடைக்காரர் கேட்டுக்கொண்டே இருந்தவர், ‘சார், டிராக்டர் பாக்க அண்ணாச்சி ஒருத்தர் இருக்காரு. கூப்பிடட்டா?’ என்றார்.

வந்தார். பழைய டி.வி.எஸ்.50. அறுபது வயது இருக்கும். பானெட்டைத் திறக்கச் சொல்லவில்லை. ‘சாவியப் போடுங்க சார்’ என்றார். ‘டக்’. தலையைச் சாய்த்துக் கேட்டார். ‘ஹெட்லைட்டப் போட்டுக்கிட்டு இன்னொருக்கா போடுங்க.’ ‘டக்’. முன்னால் நின்று விளக்கைப் பார்த்தவர் சொன்னார்:

‘லைட்டு மங்கவே இல்லையே சார். பேட்டரி நல்லாத்தான் இருக்கு. எர்த்துதான் சந்தேகமா இருக்கு.’

பையிலிருந்து ஒரு தடித்த ஒயரை எடுத்தார். பேட்டரி மைனஸில் ஒரு முனை, எஞ்சினின் இரும்பில் ஒரு முனை. ‘இப்பப் போடுங்க.’ கார் ஒரே தடவையில் உயிர் பிடித்தது!

அப்புறம்தான் கீழே படுத்தார். கியர்பாக்ஸில் முறுக்கியிருந்த எர்த் ஒயரைக் கழற்றிக் காட்டினார். போல்ட்டைச் சுற்றித் துரு, பச்சையாகப் பூத்திருந்தது. உப்புத் தாளால் தேய்த்து, பளபளவென்று ஆனதும் இறுக்கி முடுக்கினார். இருபது நிமிஷம். 150 ரூபாய்.

‘அண்ணாச்சி, புது பேட்டரி மாத்தினேனே?’ என்றேன்.

‘பழசும் நல்லாத்தான் இருந்திருக்கும்’ என்று சொல்லிவிட்டு டி.வி.எஸ்.ஸை மிதித்தார்.

* * *

வாசகர்களே, எனக்கு 5,500 ரூபாய் போனது பற்றி வருத்தம் உண்டு. ஆனால் கோபம் வேறு விஷயத்தில். ஏ.சி. அறையில் என் காரின் சத்தத்தை யாரும் கேட்கவே இல்லை. நான் சொன்னதை எழுதிக்கொண்டார்கள். எழுதியதற்கு ஒரு சாமானை மாற்றினார்கள். அது சரிவராததும் அடுத்த சாமானுக்கு எஸ்டிமேட் போட்டார்கள். இதற்குப் பெயர் ரிப்பேரா? வயிற்று வலி என்று போனால் முதலில் குடல்வாலை எடுத்துவிட்டு, வலி போகவில்லை என்றதும் பித்தப்பையை எடுக்கலாம் என்கிற டாக்டரிடம் இரண்டாம் தடவை போவீர்களா? காரை மட்டும் ஏன் கொண்டு போகிறோம்?

அண்ணாச்சி மந்திரம் எதுவும் போடவில்லை. சாதாரணக் கணக்குதான். ஹெட்லைட் எரிய பத்து ஆம்பியர் போல இருந்தால் போதும். எஞ்சினைச் சுற்ற செல்ஃப் மோட்டாருக்கு நூறு, இருநூறு ஆம்பியர், டீசல் வண்டிக்கு அதற்கும் மேலே வேண்டும். பேட்டரியிலிருந்து போன கரண்ட் எஞ்சின் இரும்பு வழியாக, எர்த் ஒயர் வழியாக, பேட்டரிக்கே திரும்பி வந்தாக வேண்டும். சைக்கிள் போகிற சந்தில் லாரி போகுமா? துருப்பிடித்த எர்த்தும் அப்படித்தான். செல்ஃப் இழுக்கும்போது பேட்டரி நொந்து போயிருந்தால் ஹெட்லைட் மங்கும். மங்கவில்லை என்றால் கரண்ட் வெளியே போகவே இல்லை, வழியில் எங்கோ அடைப்பு. புது பேட்டரி போட்டால் அடைப்பு எப்படிப் போகும்?

இதைச் சொல்லிக் கொடுக்க ஐந்து நிமிஷம் போதும். நமக்கு யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. நாமும் கேட்டுக்கொள்வதில்லை. நம் தாத்தாக்கள் மாட்டு வண்டி அச்சு கிறீச்சிட்டால் மை போட வேண்டும் என்று காதாலேயே தெரிந்துகொண்டார்கள். நாம் காரில் வினோதமான சத்தம் வந்தால் பாட்டின் வால்யூமைக் கூட்டுகிறோம்!

எனவே இந்த வாரம் உங்களுக்குக் கொஞ்சம் காது பயிற்சி. காலையில் காரை எடுக்கும்போது ஒரு நிமிஷம் பாட்டு, ஏ.சி. எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் கேளுங்கள்.

‘டக டக டக டக’ என்று மழை மாதிரிச் சத்தமா? பெரும்பாலும் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது டெர்மினல் சரியாகப் பிடிக்கவில்லை. செல்ஃபில் இருக்கும் சாலினாய்டு இழுக்கிறது, மோட்டார் கரண்ட்டை உறிஞ்சியதும் வோல்ட் விழுகிறது, சாலினாய்டு விட்டுவிடுகிறது, மறுபடி இழுக்கிறது. அதுதான் அந்தத் தாளம். டெர்மினலைக் கையால் திருகிப் பாருங்கள். திரும்பினால் அதுதான் வியாதி. வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் சுடுதண்ணீரில் ஆப்ப சோடா கரைத்துத் தேய்த்துக் கழுவி, துடைத்து, மாட்டிய பிறகு கொஞ்சம் வாஸலைன் தடவுங்கள். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். இதை மட்டும் மாற்றிச் செய்யாதீர்கள். ஸ்பேனர் பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும்.

வீட்டில் ஒரு மல்டிமீட்டர் வாங்கி வையுங்கள். சில நூறு ரூபாய்தான். ராத்திரி முழுக்க நின்ற காரில் 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி முழுசாக இருக்கிறது. 12.2 என்றால் பாதிதான் சார்ஜ். ஸ்டார்ட் பண்ணுகிற நேரத்தில் 9.6-க்குக் கீழே விழுந்தால் மாற்ற வேண்டிய நாள் நெருங்குகிறது. எஞ்சின் ஓடும்போது பதினாலுக்குப் பக்கத்தில் காட்டாவிட்டால் தப்பு பேட்டரியில் இல்லை, அதற்குச் சார்ஜ் ஏற்றுகிற ஆல்டர்னேட்டரில். நம் ஊர் வெயில் பேட்டரிக்கு ஜென்ம விரோதி. அதனால் பேட்டரியே சாகாது என்று நான் சொல்லவில்லை. பார்த்துவிட்டு மாற்றுங்கள் என்கிறேன்.

ஒரே ஒரு ‘டக்’கா? என் கதைதான். ஹெட்லைட் சோதனை செய்யுங்கள். நன்றாக மங்கினால் பேட்டரி, அல்லது மோட்டார் இறுகிவிட்டது. மங்காவிட்டால் எர்த், ஒயர், சாலினாய்டின் உள் காண்டாக்ட், மோட்டாரின் கார்பன் பிரஷ் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். செல்ஃப் மோட்டாரை ஸ்பேனரால் லேசாகத் தட்டினால் ஓடுகிறது என்றால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். பிரஷ் என்பது விரல் நுனி அளவு சாமான். அதை மட்டும் மாற்றித் தரும் எலெக்ட்ரீஷியன்கள் கோவில்பட்டி மாதிரி ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். ‘அஸெம்ப்ளி’ என்ற வார்த்தையைக் கேட்டதும் உங்கள் பர்ஸைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

‘விர்ர்ர்’ என்று மோட்டார் மட்டும் சுற்றி, எஞ்சின் சுற்றவில்லையா? மோட்டாரின் சின்னப் பல்சக்கரம் முன்னே வந்து ஃப்ளைவீலைப் பிடிக்கவில்லை, அல்லது பிடித்தும் வழுக்குகிறது. மெக்கானிக்குகள் ‘பெண்டிக்ஸ்’ என்பார்கள்.

‘கர்ர்ர்ர்’ என்று பல்லோடு பல் அரைக்கிற சத்தமா? திரும்பத் திரும்பப் போடாதீர்கள். இதில் கஞ்சத்தனம் கூடாது. இன்று சின்னச் சக்கரத்தோடு முடிகிற வேலையை இழுத்தடித்தால் ஃப்ளைவீலின் ரிங் பல் போய்விடும். அதற்கு கியர்பாக்ஸையே இறக்க வேண்டும். எஞ்சின் ஓடிக்கொண்டிருப்பது தெரியாமல் மறுபடி சாவியைத் திருப்பும்போதும் இதே சத்தம் வரும். அது உங்கள் தப்பு.

ஸ்டார்ட் ஆனதும் ‘கீ...ச்’ என்று கத்திச் சில நொடியில் அடங்குகிறதா? பெல்ட் லூஸ், அல்லது தேய்ந்து வழவழப்பாகிவிட்டது. ஸ்டார்ட் ஆனதும் ஆல்டர்னேட்டர் இழந்த சார்ஜை ஏற்ற அதிக பாரம் இழுக்கும். பெல்ட் வழுக்கி அழும். பெல்ட்டில் வெடிப்பு இருந்தால் நெடுஞ்சாலையில் அறுவதற்குள் மாற்றிவிடுங்கள்.

ராத்திரி நின்ற வண்டியில் இரண்டு மூன்று நொடி ‘டிக் டிக் டிக்’ என்று கேட்டு நின்றால் பெரும்பாலும் பயமில்லை. ஆயில் கீழே இறங்கியிருக்கும், மேலே ஏறியதும் சத்தம் அடங்கும். அடங்கவில்லையா, முதலில் டிப்ஸ்டிக்கை உருவி ஆயில் மட்டத்தைப் பாருங்கள். ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டே இருந்தாலோ, அடி வயிற்றிலிருந்து ‘டம் டம்’ என்று வந்து ஆக்ஸிலரேட்டர் கொடுக்கக் கொடுக்க வேகமானாலோ உடனே அணைத்துவிடுங்கள். அது பேரிங்காக இருக்கலாம். அந்தச் சத்தத்துக்குத்தான் இழுத்துப் போகிற வண்டியைக் கூப்பிட வேண்டும்.

மழைக்காலத்தில் இன்னொன்று. ஸ்டார்ட் பண்ணும் முன் பானெட்டை இரண்டு தட்டு தட்டுங்கள். சூட்டுக்கு ஒண்டியிருக்கும் பூனை ஓடிப் போகும். எலி ஓடாது. அது ராத்திரியே ஒயரைக் கடித்துவிட்டுப் போயிருக்கும்.

* * *

‘இதெல்லாம் அந்தக் கால அம்பாஸடருக்குச் சரி. இப்போது கார் முழுக்க கம்ப்யூட்டர். ரோட்டோரத்தில் விட்டால் கெடுத்துவிடுவார்கள்’ என்று உங்களில் பலர் சொல்வீர்கள். பாதி நியாயம். ஜம்ப் ஸ்டார்ட் பண்ணுகிறேன் என்று பிளஸ்ஸையும் மைனஸையும் மாற்றிக் கொடுத்து கம்ப்யூட்டரைப் பொசுக்கிய மெக்கானிக்குகளும் உண்டு. ரோட்டோரம் இருக்கிறவர் எல்லாரும் மகான் என்று நான் கோயில் கட்டப் போவதில்லை.

ஆனால் மறு பாதியைக் கேளுங்கள். கம்ப்யூட்டர் தனக்கு சென்சார் இருக்கிற இடத்தைப் பற்றித்தான் பேசும். நாக் சென்சார் என்று எஞ்சினில் ஒரு காது வைத்திருக்கிறார்கள். அது பெட்ரோல் தப்பான நேரத்தில் வெடிக்கும் தட்டலைக் கேட்பதற்கு. எர்த் போல்ட் துருப்பிடித்ததை அது கேட்காது. அதைக் கண்டுபிடிக்க மனிதக் காதும் ஒரு ஒயரும்தான் வேண்டியிருந்தது. எந்தக் கம்ப்யூட்டர் காரிலும் செல்ஃப் மோட்டார் இருக்கிற வரை அந்தத் தத்துவம் மாறவில்லை. 1912-ல் காடிலாக் காரில் சார்லஸ் கெட்டரிங்கின் எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டர் வந்தது. அதற்கு முன் ஹாண்டில் போட்டுச் சுற்றிக் கையை ஒடித்துக்கொண்டார்கள். இன்றும் அதே பேட்டரி, அதே மோட்டார், அதே பல்சக்கரம்தான்.

இரண்டாவது விஷயம் முக்கியம். ரோட்டோர மெக்கானிக்குக்கு புது கார் தெரியவில்லை என்றால் அது யார் தப்பு? அவருக்கு ரிப்பேர் மேனுவல் கொடுத்தீர்களா? ஸ்கேனரை விற்றீர்களா? ஒரிஜினல் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கிடைக்கவிட்டீர்களா? எல்லாவற்றையும் பூட்டி வைத்துக்கொண்டு ‘அவனுக்கு ஒன்றும் தெரியாது’ என்பது, பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டுப் பையனைத் தற்குறி என்று திட்டுகிற மாதிரி.

இது என் சொந்தக் குற்றச்சாட்டு மட்டும் இல்லை. இந்தியப் போட்டி ஆணையமே சொன்னது. 2014 ஆகஸ்ட் 25-ம் தேதி, 14 கார் கம்பெனிகள் மீது சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டது. மாருதி, டாடா, மகிந்திரா, ஹோண்டா, டொயோட்டா, ஃபோர்டு, பென்ஸ், பி.எம்.டபிள்யூ. என்று பெரிய தலைகள் அத்தனையும் அந்தப் பட்டியலில். அம்பாஸடர் செய்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ்கூட! உதிரி பாகங்களையும் ரிப்பேருக்கான தகவல்களையும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்தார்கள் என்பது குற்றம்.

அந்த உத்தரவில் நீங்களும் நானும் ஃப்ரேம் போட்டு மாட்ட வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. வெளி மெக்கானிக்கிடம் போனால் வாரண்ட்டியே போச்சு என்று மொத்தமாக நிபந்தனை போடக் கூடாது. வெளியே செய்த தப்பு வேலையால் எந்த அளவுக்குச் சேதம் வந்ததோ அந்த அளவுக்கு மட்டும்தான் வாரண்ட்டியை மறுக்கலாம். எத்தனை பேருக்கு இது தெரியும்? ‘வெளியில பானெட்டைத் திறந்தா வாரண்ட்டி போயிடும் சார்’ என்ற பூச்சாண்டியை இன்றும் கேட்டுவிட்டுத் தலையாட்டிக்கொண்டு வருகிறோமே!

கம்பெனிகள் சும்மா விடுமா? அப்பீல், ஹைகோர்ட் என்று வழக்கு வருஷக் கணக்கில் இழுத்தது. மூன்று கம்பெனிகளின் அப்பீலில் 2016 டிசம்பரில் தீர்ப்பாயம் அபராதத்தைக் குறைத்தது. ஆனால் செய்தது தப்புதான் என்பதை மாற்றவில்லை. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை ‘ரிப்பேர் செய்யும் உரிமை’க்காக ஒரு கமிட்டி போட்டது. விவசாயக் கருவி, மொபைல், வீட்டு உபயோகப் பொருள், வாகனம் நாலையும் அது எடுத்துக்கொண்டது. அதே டிசம்பரில் இணையதளமும் திறந்தார்கள். சந்தோஷம். ஆனால் இணையதளம் சட்டம் ஆகிவிடாது. அமெரிக்காவில் மாசசூஸெட்ஸ் மாநிலம் 2012-லேயே கார் ரிப்பேர் தகவலை எல்லா மெக்கானிக்குகளுக்கும் தர வேண்டும் என்று சட்டம் போட்டுவிட்டது. 2020-ல் கார் கம்பியில்லாமல் அனுப்பும் தகவலையும் சேர்க்கலாமா என்று மக்களிடம் ஓட்டுக்கு விட்டார்கள். ஏறத்தாழ நாலில் மூன்று பேர் ‘சேர்க்கணும்’ என்றார்கள். நம் ஊர் தேர்தலில் மிக்ஸி, கிரைண்டர் கொடுப்பதாகச் சொன்னார்கள். அது கெட்டால் ரிப்பேர் செய்யும் உரிமையைக் கொடுப்பதாக யாராவது சொன்னார்களா?

கரிசல் காட்டுக்காரருக்கு இது கார் சமாசாரம் மட்டும் இல்லை. மானாவாரி பூமி. மழை பெய்த ஈரம் காய்வதற்குள் உழுது விதைக்க வேண்டும். அந்த நாலு நாளில் டிராக்டர் ‘டக்’ என்று நின்றால், ‘மூணு மணி நேரத்துல வண்டி வரும் சார்’ என்ற ஹெல்ப்லைன் அவருக்கு எதற்கு ஆகும்? கூப்பிட்ட குரலுக்கு டி.வி.எஸ்.50-ல் வருகிற அண்ணாச்சி வேண்டும். அவருக்கு அறுபது வயதாகிவிட்டது. அவர் பக்கத்தில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்க ஒரு பையன்கூட இல்லை என்பதை அன்றைக்கே கவனித்தேன். பூட்டிய தொழிலை எந்தப் பையன் கற்றுக்கொள்ள வருவான்?

அதனால் மூன்று காரியம் செய்யுங்கள். அடுத்த சர்வீஸில் ‘எதை மாத்தணும்’ என்று கேட்காதீர்கள். ‘எதை டெஸ்ட் பண்ணீங்க, என்ன ரீடிங் வந்துச்சு?’ என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். மாற்றிய பழைய சாமானைக் கையில் வாங்காமல் பில் கட்டாதீர்கள். உங்கள் தெருவில் சத்தத்தைக் கேட்டு வேலை பார்க்கும் மெக்கானிக் ஒருவர் இருந்தால், ஓசியில் யோசனை மட்டும் கேட்டுவிட்டு ஏ.சி. அறைக்குப் போகாதீர்கள். வேலையையும் அவருக்கே கொடுங்கள்.

நான் கொடுத்த 150 ரூபாய்க்கு அண்ணாச்சி பில் தரவில்லை. 5,500 ரூபாய்க்கு நாலு பக்கத்தில் பில் இருக்கிறது. ‘ஸ்டார்ட்டிங் ப்ராப்ளம் ரெக்டிஃபைடு’ என்று அதில் அச்சடித்திருக்கிறார்கள்.